தண்ணீர் ஆகாத வண்டி

கார்க் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கி வந்தது நாற்றம்தான். ஈரச் சணல், பழைய ரப்பர் விரிப்பு, அவற்றுக்கும் அடியிலிருந்து எள்ளும் தர்ப்பையும் சேர்ந்து ஊறியதுபோல ஒரு புளிப்பு. ஜூன் மாதத்து எடவப்பாதி மழை ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கிழக்கேகோட்டையில் மதில், கடைவாசல் சாக்கு, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் தோள் என்று எதுவுமே உலர்ந்திருக்கவில்லை. ஆனால் இது மழையின் வாசனை இல்லை. மழை வெளியிலிருந்து வரும். இது உள்ளேயே குடியிருந்த தண்ணீர்.

அந்த வாசனையோடு ஆட்களும் நினைவில் வந்தார்கள். பின்சீட்டில் ஈர வேஷ்டியும் மழித்த தலையுமாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த எங்கள் தெருவின் பிள்ளைகள். திருவல்லத்தில் ஆற்றில் முங்கி, பித்ருக்களுக்குப் பலி போட்டு, தலை துவட்டாமல் வந்து ஏறியவர்கள். முன்சீட்டில் ஒரு பித்தளைச் செம்பு, சில சமயம் மந்திரம் சொல்லிவைக்கிற வாத்தியார். ஓட்டுவது எப்போதும் நான்.

"ஏன்னா, வாசனை பிடிச்சுண்டே நிக்கப் போறேளா? வொர்க்‌ஷாப்லே ஆசான் காத்துண்டிருப்பார்" என்றாள் மனைவி. குடையைக் கைத்தடிபோல ஊன்றிக்கொண்டு தெருமுனையில் நின்றிருந்தாள்.

அன்று சனிக்கிழமை. மாத முடிவில் காருக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் வண்டியைக் கொண்டுபோய் டெஸ்டுக்கு நிறுத்தி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். கதவுகளின் கீழ்விளிம்பில் துரு பழுப்பாகப் பொங்கியிருந்தது. சக்கர வளைவில் கைவைத்தால் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வரும். சரிசெய்வதா, பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்க்காரனுக்குத் தள்ளிவிடுவதா? மற்ற வீடுகளில் இதைக் காலைக் காப்பியோடு பேசி முடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று மாதமாக யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசினால் அடுத்த வாக்கியம் அவள் வேலையைப் பற்றியதாக இருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

அவளுக்கு முடக்குவாதம். ஆறு வருஷமாக முழங்காலும் இடுப்பும் காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நூலகம் தரைத்தளத்தில்தான், நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலைதான், அதெல்லாம் அவளால் முடியும். போவதும் வருவதும்தான் பாடு. ஆட்டோவில் குனிந்து ஏற முடியாது, பஸ் படி நினைத்தே பார்க்க முடியாது. இந்தக் கார் பெட்டி மாதிரி நெட்டையாக இருக்கும். இதன் சீட்டு சரியாக அவள் இடுப்பு உயரம். முதுகைக் காட்டி நிற்பாள், உட்காருவாள், கால்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே எடுத்து வைப்பாள். இறங்கும்போது கதவுத்தூணில் ஒரு கைப்பிடியைப் பற்றி, வலது காலை உள்தரையில் ஊன்றி, ஒரு மூச்சில் எழுந்துவிடுவாள். யாரும் தொட வேண்டாம். அந்தக் கைப்பிடி காரோடு வந்ததில்லை. ஒரு பழைய பஸ்ஸின் கம்பியை வெட்டி வளைத்து ஆசான் பற்றவைத்துக் கொடுத்தது.

"நான் தூக்கி விடறேனே. எந்த வண்டியா இருந்தா என்ன?" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"விடலாமே. காலேஜ் வாசல்லே பிள்ளைகள் எல்லாம் பாத்துண்டு நிக்க, தூக்கி இறக்கவும் செய்யலாம். அதுக்கு நான் ஆத்துலேயே இருந்துடறேன். கார் போற அன்னிக்கு ரிட்டயர்மென்ட் எழுதிக் குடுத்துடறேன், சண்டை சச்சரவு ஒண்ணும் இல்லாம."

சொல்லிவிட்டு அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். அவள் சண்டை இல்லாமல் சொல்கிற விஷயங்களுக்குத்தான் நான் பயப்படுவது.

புது வண்டி பார்க்காமலும் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பைபாஸ் ஓரத்துக் கண்ணாடிக் கூடங்களில் ஏறி இறங்கினோம். சிலது தாழ்வு, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சிலது உயரம், ஏறுவதற்கே ஒரு முக்காலி வேண்டும். விற்பனைப் பெண் ஒவ்வொரு வண்டியிலும் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இவள் தரையையும் சீட்டையும் மட்டும் பார்த்தாள். ஐந்தாவது வண்டியிலிருந்து என் தோளைப் பிடித்து இறங்கிய பிறகு, "கார் பார்க்கறதும் பொண்ணு பார்க்கறதும் ஒண்ணுதான் போலிருக்கு. உக்காரு, எழுந்திரு, நடந்து காட்டு. பாடச் சொல்லலை, அது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மலையாளத்தில் ஏதோ சொல்லி இவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கு நாங்கள் திரும்பி வந்தது பழைய காரில். அவள் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, துருப்பிடித்த விளிம்பைக் காலால் மெல்லத் தட்டினாள். தட்டிய இடத்தில் ஒரு துண்டு உதிர்ந்தது.

ஆசானின் வொர்க்‌ஷாப் மணக்காட்டுக்குள் ஒரு சந்தில் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு பலாமரம், மரத்தடியில் கதவில்லாத வண்டிகள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அப்பாவும் அம்மாவும் போனக்காட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். தோட்டத்தில் வேலை நின்றபோது மலை இறங்கி, வித்துராவில் ஒரு லாரிப் பட்டறையில் வெல்டிங் கற்று, பிறகு நகரத்துக்கு வந்தவர். அவருக்கு நான் சாமி, எனக்கு அவர் ஆசான். அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம், நாங்கள் பேசுவதில் கால். இருவருக்கும் பள்ளிக்கூடத்துத் தமிழ் கிடைக்காததால் சமாளித்துக்கொள்கிறோம்.

மனைவிக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஜாக்கி வைத்து வண்டியை ஒரு பக்கம் தூக்கி, அடியில் சாக்கு விரித்து மல்லாந்து போனார். விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்தது. நான் அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஸ்கேன் பார்க்கும்போது வெளியே நிற்பதுபோலத்தான் இருந்தது. அந்த நிற்றலிலும் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

வெகுநேரம் கழித்து வெளியே வந்து, தலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "சாமி, ஒரு அதிசயம். அடி நல்ல கிளீனாக்கும்."

"அப்போ சரியா இருக்கா?"

"சரியில்லே. அதுதானே அதிசயம்."

முன்கதவைத் திறந்து ரப்பர் விரிப்பை எடுத்தார். அதற்கடியில் ஒட்டியிருந்த கம்பளத்தை ஒரு மூலையில் பிடித்து இழுத்தார். அது பழைய புண்ணின் கட்டுபோலப் பிசுபிசுத்துப் பிரிந்தது. கம்பளத்துக்கும் அடியில் சணல் மெத்தை, பிழிந்தால் சொட்டுகிற ஈரத்தோடு கறுத்திருந்தது. அதையும் சுருட்டினார். தகரம் தெரிய வேண்டிய இடத்தில் செம்மண் நிலம் மாதிரி இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அழுத்தாமல் சும்மா வைத்தார். டீயில் ஊறின பிஸ்கட்டில் போவதுபோல அது இறங்கியது. கீழே பலாமரத்து மண் தெரிந்தது.

"கடல்காத்தோ ரோட்டுத் தண்ணியோ ஆனா அடியில இருந்து தின்னு மேலே வரும்" என்றார். "இது மேலேருந்து தின்னு கீழே போயிருக்கு. பிளாட்பாரம் முழுக்க அப்படித்தான்." காரின் தரையைப் பிளாட்பாரம் என்றுதான் சொல்வார். "இதுக்குள்ளே யாரு சாமி தண்ணி கோரி ஊத்தறது?"

நாற்காலியிலிருந்து மனைவி சொன்னாள்: "அவர்தான்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு துலா மாதம். எங்கள் தெருவில் ஒரு மாமா போய்விட்டார். மழை கொட்டியது, டாக்ஸி கிடைக்கவில்லை. தைக்காட்டு மயானத்துக்கு அவருடைய பிள்ளைகளை நான்தான் கொண்டுபோனேன், மறுநாள் அஸ்தி கரைக்கத் திருவல்லத்துக்கும். திரும்பி வந்து இறக்கிவிட்டபோது வாசலில் ஒரு கேள்வி வந்தது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. அப்படியானால், போய் வந்த வண்டி? யார் கேட்டார்கள் என்று நினைவில்லை. பதில் சொன்னது நான்தான். இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, நான்கு கதவையும் திறந்து, ரப்பர் விரிப்பை எடுத்து வெளியே போட்டு, சீட்டுக்குக் கீழே வீடு அலம்புகிற மாதிரி வீசி ஊற்றினேன். தெருவே பார்த்தது. ஒரு மாமி, "வண்டியைக்கூட மடியா வெச்சுண்டிருக்கான்" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று இப்போது எழுதக் கூசுகிறது.

அன்று மனைவி கேலி செய்தாள். "காருக்கும் தீட்டா? அப்படியே ஒரு பூணூலையும் போட்டு விட்டுடுங்கோ." அப்போது அவளுக்குக் கால் நன்றாக இருந்தது. வாளியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு தெருவில் எந்த வீட்டில் யார் போனாலும் என் வண்டிதான். சாவுக்கு, அஸ்திக்கு, பத்துக்கு, வருஷாப்திகத்துக்கு, கர்க்கடக வாவு என்கிற ஆடி அமாவாசைக்கு. ஒவ்வொரு தரமும் பின்சீட்டில் சொட்டச் சொட்ட நாலு பேர், வீடு திரும்பியதும் இரண்டு வாளி. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "வண்டி உண்டோல்லியோ?" என்பார்கள். "அதுக்கென்ன" என்பேன். கேட்பவர்கள் என் அப்பாவின் பாடையைத் தூக்கியவர்கள். என்னிடம் கேட்பதற்கு அவர்களுக்கு இருந்தது இந்த ஒன்றுதான், கொடுப்பதற்கு எனக்கு இருந்ததும் இதுதான். கவிதை எழுதுகிற என்னை ஒரு தெரு வேறு எதற்குக் கூப்பிடும்?

ஆசான் தரையில் நான்கு இடங்களைத் தொட்டுக் காட்டினார். துருவுக்குள் புதைந்து, வட்டமாக, ரப்பர் அடைப்புகள். "தண்ணி போக ஓட்டை இருக்கு சாமி. இந்த மூடியை எடுத்து விட்டா ஒழுகிப் போயிருக்கும். கம்பனியில போட்ட மூடி, இன்னிக்கு வரைக்கும் திறக்கலே. ஒன்பது வருஷத் தண்ணி உள்ளேயே கெடந்திருக்கு."

"எனக்குத் தெரியாது, ஆசான்."

"யாருக்கும் தெரியாது. யாரும் காருக்குள்ளே தண்ணி ஊத்த மாட்டாங்க, அல்லே?"

மனைவி சிரித்துவிட்டாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "இப்போ என்ன பண்ணலாம்? அதைச் சொல்லுங்கோ."

அவர் குந்தி உட்கார்ந்தார். இந்த மனிதர் கெட்ட செய்தி சொல்லும்போது எப்போதும் கேட்பவரின் தலைக்குக் கீழே தன் தலையை வைத்துக்கொள்வார். "டெஸ்ட் பாஸாகணும்னா கஷ்டமில்லே அம்மா. தகரம் ஒட்டி, பட்டி போட்டு, கறுப்பு பெயின்ட் அடிச்சா போதும். நிறைய பேர் அப்படிச் செய்யறதுதான். ஆனா..." முன்சீட்டுக்கு எதிரே, கதவுத்தூணின் காலடியைச் சுட்டினார். "நீங்க கால் ஊணி எழும்பறது இங்கே. தூணோட அடி, சுவடு, அதுவும் போயாச்சு. நீங்க கைப்பிடியைப் பிடிச்சு இழுக்கறப்போ தூண் லேசா ஆடும், தெரியுமா?"

"தெரியும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை இல்லாமல் ஒரு பதில் வந்திருக்கும்.

"பட்டி வேலை நான் செய்ய மாட்டேன். ஒருநாள் கால் கீழே போயிடும். செய்யணும்னா பிளாட்பாரம் முழுசும் வெட்டிப் புதுத் தகடு, தூணுக்கும் புதுச் சுவடு. எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லே. ஆனா செஞ்ச பிறகும் சாமி இதே மாதிரி வாளி எடுத்தா, வேண்டாம், இப்பவே ஆக்கருக்குக் கொடுத்துடுங்க. எனக்குப் பாவமாயிடும்."

"மூடியைத் திறந்து விட்டு ஊத்தினா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான் என்பதை இரண்டு பேரும் கவனித்தார்கள். ஆசான் பலாமரத்தைப் பார்த்தார்.

"வெல்டிங் விட்ட இடம் சாமி. முதல்ல துருப்பிடிக்கறது அங்கதான். உள்ளே ஈரமே ஆகாது. ஈர வேஷ்டி கூட."

அப்போது என் போன் அடித்தது. இப்படி எழுதினால் ஜோடித்தது போலிருக்கும், ஆனால் எங்கள் தெருவிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த போன் வரும். கோடிவீட்டு மாமா. எழுபத்தைந்து தாண்டியவர், போன வாரம் தம்பியை இழந்தவர், மறுநாள் அதற்குப் பத்து. என் அப்பாவின் பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தவரும் அவர்தான். காது கேட்காததால் அவர் பேசினால் ஸ்பீக்கர் போடாமலே ஊருக்குக் கேட்கும்.

"டேய், நாளைக்குக் கார்த்தால அஞ்சரைக்குத் திருவல்லம். வண்டி உண்டோல்லியோ?"

என் நாக்கில் 'அதுக்கென்ன' தயாராக வந்து நின்றது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, தரையில் விழுந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, வண்டி வொர்க்‌ஷாப்பில் இருக்கு."

"சாயங்காலம் வந்துடுமோல்லியோ?"

"வராது."

"கேடாயிடுத்தா?"

"இல்லை. நன்னாக்கப் போறோம்."

"நன்னாக்கினா நல்லதுதானே. நாளைக்கு டாக்ஸி பிடிச்சுக்கறேன். மாசியத்துக்கு உன் வண்டியை வெச்சுக்கலாம்."

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். மாசியம் வரை ஒரு மாதம் கிடைத்திருக்கும். எனக்கு அப்போது வந்தது தைரியம் இல்லை, வெறும் அசதி. ஒன்பது வருஷத்து வாளிகளின் கனம் தோளில் இறங்கியதுபோல ஓர் அசதி.

"மாசியத்துக்கும் வராது, மாமா. இனிமே பலிக்குப் போகாது. அதுக்குத் தண்ணி ஆகாதுன்னு சொல்லிட்டார்."

மறுபக்கம் யாரோ குக்கர் அணைக்கிற சத்தம் கேட்டது.

"தண்ணி ஆகாதா? தண்ணி ஆகாத வண்டியை வெச்சுண்டு என்ன பண்ணப் போறே?"

"அவளைக் காலேஜில் கொண்டு விடணும், மாமா."

"அதுக்கு மட்டுமா?"

"அதுக்கு மட்டும்தான்."

"சரி. சரி, மனசிலாச்சு. வெச்சுடறேன்" என்றார். வைக்கத் தெரியாமல் போன் இன்னும் சிறிது நேரம் திறந்தே இருந்தது. பக்கத்தில் யாரிடமோ, "வண்டி இல்லையாம். கேட்டயா, அவன் பறையறான், வண்டி இல்லையாம்" என்று சொல்வது கேட்டது. அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மழை மறுபடியும் தகரக் கூரையில் இறங்கியது. மூன்று பேரும் அது ஓயட்டும் என்று இருந்தோம். நான் உடைந்த தரையைப் பார்த்தேன். எத்தனை பேரை ஏற்றிப் போயிருக்கிறேன், யாரையும் ஆற்றங்கரை வரைக்கும்தான். எல்லோரும் திரும்பி வந்தார்கள், தலை காய்ந்தது, முடி வளர்ந்தது, சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அவர்கள் வடித்துவிட்டுப் போன தண்ணீர் மட்டும் இங்கே தங்கி, ஒரு பெண் கால் ஊன்றுகிற இடத்தைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. சுத்தம் என்று பெயர் வைத்து நான்தான் அதற்கு இரை போட்டேன்.

"அப்போ வெட்டட்டா?" என்று ஆசான் கேட்டது என்னை அல்ல. அவளை.

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"வருஷத்துக்கு ரெண்டு மழை. நாலு மழைக்கு நான் பார்த்துக்கறேன். அதுக்கு மேலே கேக்காதீங்க."

"நாலு மழை எனக்குத் தாராளம்" என்றாள். "அதுக்கப்புறம் ரிட்டயராயிடுவேன். காரும் நானும் சேர்ந்தே ஆத்துல உக்காந்துக்கறோம்."

அவர் ஒரு சாக்பீஸ் துண்டு தேடி எடுத்தார். அவளைக் கடைசியாக ஒருமுறை காரில் ஏறி உட்காரச் சொன்னார். ஓட்டை விழுந்த இடத்தில் கால் படாதபடி ஒரு பலகையைப் போட்டார். அவள் முதுகைக் காட்டி நின்று, உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுத்து வைத்தாள். அவர் சீட்டின் விளிம்பு தூணில் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒரு கோடு போட்டார். அவளுடைய முழங்கால் மடங்குகிற இடத்தில், கதவின் உள்பக்கம், இன்னொரு கோடு. தையற்காரர் அளவெடுப்பதுபோல, தொடாமல், ஒரு சாண் தள்ளி நின்று. "தகடு புதுசாகும்போது சீட்டு கொஞ்சம் எழும்பும்" என்றார். "அதைக் குறைக்கணும்." அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்தபோது மூன்று பேரும் தூணைப் பார்த்தோம். ஆடியது.

வீட்டுக்குப் போக ஆட்டோ பிடித்தோம். வேறு வழியில்லை. ஆட்டோ டிரைவர் பொறுமையாக எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். முதல் முறை தலை இடித்தது, இரண்டாவது முறை உள்ளே போனாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். கல்லூரி வாசலில் இது நடக்க வேண்டாம் என்று அவள் சொன்னதன் முழு அர்த்தம் என் இரண்டு கைகளுக்கும் அப்போதுதான் புரிந்தது.

ஆசான் மழையில் நனைந்தபடி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஒருதரம் வந்து உக்காந்து பாருங்க அம்மா. உயரம் சரியில்லேன்னா திரும்ப வெட்டிக்கலாம்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஒரு விரக்கடை கூடினாலும் எனக்குத் தெரிஞ்சுடும், ஆசானே."